தேர்வு மாதத்தில் தொலைபேசியை எடுப்பது யார்? மாணவர்கள் நடத்தும் இனப்பெருக்க உரிமைச் சட்ட உதவி அமைப்பின் தலைமையும் பணியாளரும்

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் தார் சுற்றும் வேலை பார்க்கும் பெண் ஒருவர், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் கருவுற்றார். அறுவை தோல்வியடைந்தால் அரசு இழப்பீடு தரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் அவ்வூர்க் காலனியில் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்று அறுவைச் சான்றிதழ், ஸ்கேன் அறிக்கை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைப் பெற்று வந்தார். அடுத்து பருவத் தேர்வு வந்தது, பிறகு விடுமுறை, பிறகு அந்த மாணவிக்குச் சென்னையில் ஒரு மாதப் பயிற்சி. குடும்பக் கட்டுப்பாட்டு இழப்பீட்டுத் திட்டத்தில் தோல்விக்கான தொகை 60,000 ரூபாய். தோல்வி தெரியவந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோப்பு என் மேசைக்கு வந்தபோது நூற்றிருபது நாட்கள் கடந்திருந்தன.

அம்மாணவியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அக்குழுவின் துண்டறிக்கையில் 'வழிகாட்டும் வழக்கறிஞர்' என்று அச்சாகியிருந்தது என் பெயர். மூன்று மாதங்களில் ஒருமுறைகூட நான் அந்தக் கோப்பைக் கேட்கவில்லை. குழுவுக்குத் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், இலச்சினைகூட இருந்தது. ஆனால் ஒரு கோப்பு யார் பொறுப்பில் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாதபோது அது யாரிடம் போக வேண்டும் என்பதற்கு விடை இல்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடுவது.

2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் தொடங்கப்பட்ட பிறகு, தறிக்கூடங்களிலிருந்தும் கோழிப்பண்ணைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் முதல் தலைமுறைத் தலித் மாணவர்கள் சட்டம் படிக்க வந்திருக்கிறார்கள். தம் தெருவுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற வேகம் அவர்களிடம் இயல்பாகவே இருக்கிறது. பெண்களின் உடல்சார்ந்த உரிமையை எடுத்துக்கொண்டு அமைப்பாக வேண்டும் என்று கேட்டுவரும் மாணவியர் கூடிவருகிறார்கள். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி 'எந்த வழக்கைப் போடலாம்?' என்பதாகவே இருக்கிறது. யார் தலைமை ஏற்பது, யாருக்குச் சம்பளம் கொடுப்பது, அந்தச் சம்பளம் எங்கிருந்து வருவது என்பவை அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை.

இனப்பெருக்க உரிமை என்றால் கருக்கலைப்பு மட்டும் என்று எண்ணுவோர் நம் தோழர்களிலும் உண்டு. குழந்தை வேண்டுமா வேண்டாமா, எப்போது, எத்தனை, யாரோடு, எந்த மருத்துவமனையில், எவ்வளவு மரியாதையோடு என்பதெல்லாம் அதில் அடங்கும். இது வெளியிலிருந்து வந்த சரக்கும் அன்று. 1928இல் பம்பாய் சட்ட மேலவையில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் பி.ஜே. ரோகம் முன்மொழிந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்தின் உரையும் அம்பேத்கர் தயாரித்ததே, தீர்மானம் தோற்றது. தமிழ்நாட்டில் பெரியார், மக்கள்தொகைக்காகவோ குடும்பப் பொருளாதாரத்துக்காகவோ அன்றி, பெண்ணின் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று வாதிட்டார். அரசு பின்னாளில் எடுத்துக்கொண்டது மக்கள்தொகைக் கணக்கை. விளைவு நம் கண்முன் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.1 விழுக்காடு. இதே சேலத்தில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண்சிசுக் கொலைக்குத் தாயைக் குற்றவாளியாக்கிய காவல்துறை, வரதட்சணையையும் சொத்துரிமை மறுப்பையும் கூண்டில் ஏற்றவில்லை.

இந்தியாவில் இத்துறையின் முக்கியமான தீர்ப்புகள் எப்படி வந்தன என்பதைப் பார்த்தால், அமைப்பு என்பதன் பொருள் விளங்கும். 2012 ஜனவரியில் பீகாரின் அரரியா மாவட்டம் குர்சாகாண்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஓர் இரவில், ஒரே மருத்துவர் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். அதைக் களத்தில் விசாரித்துப் பதிவு செய்த தேவிகா பிஸ்வாஸ் என்ற சுகாதார உரிமைச் செயற்பாட்டாளர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில், ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை நடந்தது. அவ்வார முகாம்களில் 13 பெண்கள் இறந்தனர். 2016 செப்டம்பர் 14 அன்று வந்த தீர்ப்பு, மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையைக் கைவிடச் சொன்னது. இலக்கு வைத்து நடத்தப்படும் அறுவைகளின் சுமை ஏழைகள் மீதும் விளிம்புநிலை மக்கள் மீதும் விழுவதையும் கணக்கில் எடுத்தது. வழக்கை நடத்தியது காலின் கன்சால்வெஸ் முதலியோர் 1989இல் தொடங்கிய மனித உரிமைச் சட்ட வலையமைப்பு. இதற்கு முன்பே, வறுமைக்கோட்டு அட்டை இருந்தும் மருத்துவமனை வாசலில் அலைக்கழிக்கப்பட்டு இறந்த சாந்தி தேவியின் வழக்கில், 2010 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர் இனப்பெருக்க உரிமையை உயிர்வாழும் உரிமையின் பகுதியாக வைத்துத் தீர்ப்பளித்ததும் அதே அமைப்பு நடத்திய வழக்கில்தான்.

இரண்டிலும் நீதிமன்றத்தில் பேசியவர் மூத்த வழக்கறிஞர். ஆனால் வழக்கின் வலு, ஊருக்குள் சென்று பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவரின் கையில் இருந்தது. அமைப்பு கட்டும்போது நாம் முதலில் மறப்பது இந்த இரண்டாமவரைத்தான்.

மாணவர்களே தொடங்கிய அமைப்பு ஒன்று அமெரிக்காவில் உண்டு. 2003இல் பெர்க்லி சட்டக் கல்லூரி மாணவர்கள் 'தெரிவுக்கான சட்ட மாணவர்கள்' என்ற பொருள்பட ஒரு குழுவைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் பெயர் 'இனப்பெருக்க நீதிக்கான சட்ட மாணவர்கள்' என்று மாறியது. இது வெறும் சொல்மாற்றம் அன்று. 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் உருவாக்கியதே 'இனப்பெருக்க நீதி' என்ற கருத்து. தெரிவு என்பது கையில் காசும் ஊரில் மருத்துவமனையும் உள்ளவருக்கே பொருள்படும், குழந்தையைப் பெற்று அதைப் பாதுகாப்பாக வளர்க்கும் உரிமையும் சேர்ந்தால்தான் நீதி என்பது அவர்கள் வாதம். 2015இல் அமைப்பு மீண்டும் பெயர் மாறியது. 'இஃப் வென் ஹவ்' என்பது இன்றைய பெயர். மாணவர் என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது. கல்லூரிக் கிளைகள் மாணவர் கையிலேயே இருக்க, மைய அலுவலகம் ஊதியம் பெறும் செயல் இயக்குநரிடமும் வழக்கறிஞர்களிடமும் சென்றது. படிப்பை முடித்தவர்களை உரிமை அமைப்புகளில் ஓராண்டு ஊதியத்தோடு அமர்த்தும் உதவித்திட்டம் ஒன்றையும் நடத்தினார்கள். பிற்பாடு வேறொரு சட்டக் குழுவோடு இணைந்து, கருக்கலைப்பு தொடர்பான சட்ட ஐயங்களுக்கான உதவித் தொலைபேசியையும் நடத்தத் தொடங்கினர். 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை அரசமைப்புப் பாதுகாப்பிலிருந்து நீக்கியபோது, தொலைபேசியை எடுக்கப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் அங்கு இருந்தார்கள். மாணவர்கள் மட்டுமே நடத்தியிருந்தால் இருந்திருப்பார்களா என்பது ஐயமே.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு செங்கல்பட்டுப் பகுதியில் இருக்கிறது. கிராமத் தலித் பெண்கள் சிலரும் பொருளியல் அறிஞர் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து 1981இல் தொடங்கிய ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையம், 'ருவ்செக்' என்று அறியப்படுவது. வயதுவந்தோர் கல்வித் திட்டத்தில் வேலை பார்த்த பெண்கள் அவர்கள். பட்டம் பெற்றோர் அல்லர். தம் தெருப் பெண்களின் வெள்ளைப்படுதல், கருப்பை இறக்கம், கணவனின் அடி இவற்றிலிருந்து தொடங்கி, பயிற்சி பெற்று, ஆய்வுகளில் பங்கேற்று, 1990களில் சொந்தமாக ஒரு மருத்துவமனை வரை சென்றார்கள். படித்த ஒருவர் உடன் இருந்தார். ஆனால் களத்தின் குரல் களத்துப் பெண்களுடையதாகவே இருந்தது. சட்ட மாணவர்கள் பெர்க்லியைப் பார்ப்பதற்கு முன் செங்கல்பட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி நம் சட்டம் என்ன அனுமதிக்கிறது என்று பார்ப்போம். வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 29, 33ஆம் பிரிவுகளின்படி வழக்கறிஞராகப் பதிவு செய்தவரே நீதிமன்றத் தொழில் நடத்த முடியும். எனவே மாணவர் வக்காலத்து போட இயலாது. ஆனால் மனு எழுத உதவலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி அனுப்பலாம், ஆவணம் திரட்டலாம், மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லலாம். சட்டக் கல்லூரிகளில் சட்டப் பணி மையங்களை ஊக்குவிப்பது தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் கடமை என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. ஜலகண்டாபுரத்துத் தலித் பெண் இரண்டு வழிகளில் தகுதி உடையவர். அப்படியானால் மாணவர் அமைப்பு எதற்கு? சட்டப் பணிகள் ஆணையம் வழக்கு உருவான பிறகு வழக்கறிஞரைத் தருகிறது. நம் பெண்களுக்கு உதவி தேவைப்படுவது காலை பத்து மணிக்கு, மருத்துவமனை நடைபாதையில், செவிலியர் "புருஷன் கையெழுத்து எங்கே?" என்று கேட்கும் அந்த நிமிடத்தில். கருக்கலைப்புக்குக் கணவரின் ஒப்புதலைச் சட்டம் கேட்கவே இல்லை. பதினெட்டு வயது நிறைந்த, மனநோய் இல்லாத பெண்ணின் சொந்த ஒப்புதல் போதும். குடும்பத்தாரின் ஒப்புதலைக் கேட்கும் வழக்கத்துக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2022 செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் கூறியது. மணமாகாத பெண்ணுக்கும் 20 முதல் 24 வாரத்துக்கான விதியின் பயன் உண்டு என்று கூறியது அதே தீர்ப்புதான்.

வாரக் கணக்கு என்பதே மாணவர் அமைப்பின் முதல் சிக்கல். 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து, 20 முதல் 24 வரை விதிகளில் சொல்லப்பட்ட பிரிவினருக்கு மட்டும் இரண்டு மருத்துவர் கருத்து. ஏப்ரலிலும் நவம்பரிலும் தேர்வு எழுதும் மாணவரின் நாட்காட்டியும் இந்த வாரக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. ஆகவே முழு ஆண்டும் இருக்கக்கூடிய, சம்பளம் பெறும் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் யார்?

வழக்கறிஞரை முழுநேரச் சம்பளத்தில் அமர்த்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய வழக்கறிஞர் மன்ற விதி 49இன்படி, தொழில் நடத்தும் வழக்கறிஞர் யாருக்கும் முழுநேர ஊதியப் பணியாளராக இருக்கக் கூடாது. இதை அறியாமல் நியமன ஆணை கொடுத்துவிட்டு, பிறகு எதிர்த்தரப்பு அதையே ஆயுதமாக எடுத்தால் வழக்கு திசைமாறிவிடும். வழக்கு வாரியாகக் கட்டணம் அல்லது பகுதிநேர ஒப்பந்தம்தான் வழி. எவ்வளவு தருவது? இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாக வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் வழிகாட்டியது. மூத்தவர்களுக்குச் சொன்னதுதான் அது. ஆனால் உரிமை பேசும் அமைப்பு அதற்குக் குறைவாகக் கொடுப்பது வெட்கக்கேடு. 'சேவை மனப்பான்மை' என்ற சொல்லால் தலித் பெண் வழக்கறிஞரின் உழைப்பை இலவசமாக வாங்கும் வழக்கம் நம் அமைப்புகளிலேயே இருக்கிறது. வீட்டில் வாடகை கட்ட அப்பா இருப்பவரால்தான் சேவை செய்ய முடியும் என்றால், தலைமையும் அவரிடமே போய்ச் சேரும்.

முதல் சம்பளம் வழக்கறிஞருக்கும் அன்று, இயக்குநருக்கும் அன்று, களப் பெண்ணுக்கே என்பேன். ஊரில் வாழும், பேருந்து நேரமும் மருத்துவமனை வரிசையும் தெரிந்த ஒரு தலித் பெண், பத்தாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். அவருக்கும் மாதம் 15,000, பகுதிநேர வழக்கறிஞருக்கும் 15,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். பெரிய தொகைதான், ஆனால் ஒரு மாநாட்டுச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

களப்பணியாளர் நியமனத்தில் ஒரு நுட்பம் உண்டு. அதே காலனிக்காரர் என்றால் நம்பிக்கை வரும், கூடவே அச்சமும் வரும். ஒருமுறை ஒரு பெண் என்னிடம், "அக்கா, அவங்க நல்லவங்கதான், ஆனா அவங்க மாமியா எங்க தறிப் பட்டறையிலதான் வேலை பாக்குறாங்க" என்றார். அதன் பிறகு பக்கத்து ஊர்ப் பணியாளரையே அனுப்பும் வழக்கத்தைக் கடைப்பிடித்தோம். ஜலகண்டாபுரத்துக்குத் தாரமங்கலத்திலிருந்து, தாரமங்கலத்துக்கு ஜலகண்டாபுரத்திலிருந்து. பதிவேட்டில் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதினோம். கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடும் மருத்துவருக்கு 2021 திருத்தம் ஓராண்டு வரை சிறை வைத்திருக்கிறது. தன்னார்வலருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை என்பதற்காக வாட்ஸ்அப் குழுவில் ஸ்கேன் படத்தைப் பகிர்ந்துவிடக் கூடாது. நான் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

இதைவிடக் கடினமானது போக்சோ. பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்று உதவி கேட்டு வந்தால், அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, தகவல் அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மாணவரும் 'எவரும்' என்பதில் அடங்குவார். தெரிவிக்கத் தவறினால் தண்டனையும் உண்டு. சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தன் தகவலில் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு சொன்னது மருத்துவருக்கு மட்டுமே. சாதி மறுத்துக் காதலித்த தலித் இளைஞன் மீது இதே சட்டம் எப்படித் திருப்பப்படுகிறது என்பதை இம்மாவட்டத்தில் வழக்கு நடத்துவோர் அறிவார்கள். கோகுல்ராஜ் கொலையைக் கண்ட ஓமலூர்ப் பக்கத்து மக்களுக்கு, காதல் என்ற சொல்லே என்ன விலை கேட்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே முதல் அழைப்பில், கதையைக் கேட்கும் முன்பே, எதைச் சொன்னால் எங்களுக்குச் சட்டக் கடமை எழும் என்று எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்தான் தொலைபேசியில் இருக்க வேண்டும். முதலாம் ஆண்டு மாணவரை அந்த இருக்கையில் அமர்த்துவது அவருக்கும் ஆபத்து, அழைக்கும் பெண்ணுக்கும் ஆபத்து.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம். வெளிநாட்டு நிதி என்ற நினைப்பை இப்போதைக்கு விட்டுவிடலாம்: மூன்று ஆண்டு இயங்கி, 15 லட்சம் ரூபாய் செலவு காட்டினால்தான் பதிவு கேட்கவே முடியும். 2020 திருத்தம், பதிவுள்ள பெரிய நிறுவனம் சிறிய அமைப்புக்கு அப்பணத்தைப் பகிர்வதையும் தடை செய்தது. நிர்வாகச் செலவு வரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. மிஞ்சுவது உள்ளூர் நன்கொடை, முன்னாள் மாணவர் மாதச் சந்தா, தொழிற்சங்கங்களின் உதவி.

தலைமைக்கு வருவோம். மாணவர் அமைப்புகளில் நான் கண்ட வேலைப் பிரிவினை இது: ஆங்கிலம் பேசுபவர் ஊடகத்தோடு பேசுவார், தலித் மாணவி காலனிக்குப் போவார், கூட்டத்துக்கு இருக்கை போடுவார். இனப்பெருக்க உரிமை பேசும் குழுவில் ஆண் மாணவர் தலைவராக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் அல்லர், ஆனால் மாதவிலக்கு என்ற சொல்லை அவர் மேடையில் சொன்ன அளவுக்கு, அவர் முன்னிலையில் உறுப்பினர்கள் சொல்லவில்லை. என் முன்வைப்பு எளிது. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் தலித் பெண்கள். அவர்களில் குறைந்தது மூவர் மாணவியர் அல்லாத ஊர்ப் பெண்கள், அதாவது தறித் தொழிலாளர், தூய்மைப் பணியாளர், சத்துணவுப் பணியாளர். வங்கிக் காசோலையில் கையெழுத்திடும் இருவரில் ஒருவர் அவர்களிலிருந்து. செயலாளர் மாணவியாக இருக்கட்டும், ஓராண்டுக்கு மட்டும். அடுத்த செயலாளரை நான்காவது பருவத்திலேயே தேர்ந்து, ஆறு மாதம் இருவரும் சேர்ந்து வேலை செய்யட்டும். இரண்டு முறை இக்காலத்தைக் கைவிட்ட குழுவில், மூன்றாவது ஆண்டு பதிவேடே காணாமற்போனது.

பாலியல் துன்புறுத்தல் புகாரையும் இப்போதே யோசிக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். 2013 சட்டத்தில் ஊதியமின்றிப் பணிபுரியும் தன்னார்வலரும் பணியாளரே. சிறிய குழு என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவின் முகவரியை அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம். வழிகாட்டும் வழக்கறிஞர் மீதே புகார் வந்தால் யார் விசாரிப்பது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். என் பெயர் இருந்த துண்டறிக்கையில் அதுவும் இல்லை.

தொலைபேசி எண் எந்த மாணவரின் பெயரிலும் இருக்கக் கூடாது, சங்கத்தின் பெயரில் வாங்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் மேலட்டையிலும் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுத வேண்டும்: 90 நாள், 20 வாரம், 24 வாரம். வாரம் ஒருமுறை, தேர்வு வாரத்திலும், களப் பெண்ணும் வழக்கறிஞரும் அக்கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க அரைமணி போதும்.

அந்தத் தறித் தொழிலாளிக்கு மூன்றாவது குழந்தை பிறந்துவிட்டது. கூடத்து முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பிரசவத்துக்குப் பின் இன்னும் ஏறியிருக்கிறது. காலதாமதத்தை மன்னிக்கக் கோரி மாவட்ட அதிகாரிகளுக்கு மனு அனுப்பியிருக்கிறோம். மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. இரண்டின் வரைவையும் எழுதியவர் அதே மாணவிதான், இப்போது இறுதியாண்டு. கோப்பு அவர் விடுதி அறையில் இல்லை, தாரமங்கலத்துக் களப்பணியாளரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.